ரோஜாப்பூ வைத்த அந்நிய சக்தி

பரங்கிப்பேட்டை விலக்கைத் தாண்டி பஸ் வேகம் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது: லால்பேட்டையில் வரப்போகும் பஸ் நிழற்குடைக்கு எதிராக ஓர் அந்நிய சக்தி வேலை செய்கிறது.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் பை, கையில் போன், போனில் எங்கள் எம்.பி.யின் முகநூல் பக்கம். நிழற்குடைக்கு அடிக்கல் நாட்டப்போகும் செய்தியின் கீழே ஒரே வாக்கியம் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. ‘நிழற்குடை ஏரிப் பக்கம் வேண்டும். பதில் சொல்லவும்.’ எழுதியவர்கள் குவைத்தில் இருந்தார்கள், துபாயில் இருந்தார்கள், சிங்கப்பூரில் இருந்தார்கள், ஒருவர் பிரான்ஸில் இருந்தார். பெரும்பாலானவை அன்றைய வெள்ளிக்கிழமை மதியத்தில் ஒரே கொத்தாக வந்திருந்தன. ஒருவருக்கும் முகம் இல்லை. ரோஜாப்பூ, பிறை நிலா, யாரோ ஒரு கைக்குழந்தை, மறுபடியும் ரோஜாப்பூ.

“கண்டுபிடிச்சிட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லி எழுந்து நின்றேன். இறங்கவேண்டிய இடத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன் என்று நினைத்து கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நின்றது. நிற்கிற பஸ்ஸில் நிற்கிற ஆளாக எல்லோரும் என்னையே பார்த்ததால் வேறு வழியில்லாமல் இறங்கினேன். அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் காய்ந்தேன். அந்த நிறுத்தத்தில் நல்ல நிழற்குடை ஒன்று இருந்தது, சாலைக்கு எதிர்ப்பக்கத்தில். அதைப் பற்றி நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களே, பணி அனுபவங்களை ஓய்வுபெற்ற பிறகுதான் எழுதவேண்டும் என்பது வழக்கம். அதுவரை எனக்குப் பொறுமை இல்லை. எம்.பி. அலுவலகத்தில் மூன்று வருடம் தாக்குப்பிடித்தவர் மூத்தவர் என்ற கணக்கில் நான் இப்போது மூத்தவள். முகநூல் பக்கத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நாடாளுமன்றக் குழு வேலைகளை மட்டும் பார்க்கப்போகிறேன். ஆகவே பக்கத்தோடு சேர்த்து இந்தக் கதையையும் ஒப்படைக்கிறேன். கேள்வி எழுதுவது எப்படி, குறிப்பு தயாரிப்பது எப்படி என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் தானாக வந்துவிடும். யாரைச் சந்தேகப்படுவது என்பது அப்படி வராது.

எங்கள் எம்.பி. மாநிலங்களவை உறுப்பினர். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் எம்.எல்.ஏ.க்கள். அதனாலோ என்னவோ, பொதுமக்கள் நேரடியாகக் கேள்வி கேட்டால் அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். நல்ல மனிதர். டெல்லியில் கண்ணாடி போட மாட்டார் என்பதால் அவருக்குப் போகும் குறிப்புகளைச் சுவரொட்டி எழுத்தில் அச்சடிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் அவர் இருந்த நிலைக்குழு, தேர்தலிலும் பொதுக் கருத்திலும் வெளிநாட்டுத் தலையீடு எவ்வளவு, அரசு தன் தகவல்களை மக்களுக்கு எவ்வளவு திறந்துவைக்கிறது என்ற இரண்டையும் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தது. மற்ற உறுப்பினர்கள் தங்கள் ஊர்களிலிருந்து உதாரணங்கள் கொண்டுவந்தார்களாம். எங்களவர் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாராம். ஏதாவது கொண்டுவா மெர்சி, நம்ம மாவட்டத்துல எவனும் தலையிட மாட்டேங்குறானா என்று ஏக்கத்தோடு கேட்டிருந்தார்.

அந்த ஏக்கத்துக்குத்தான் நான் பஸ்ஸில் விடை கண்டுபிடித்திருந்தேன்.

திருப்பாதிரிப்புலியூர் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே பி.ஏ. ஏழுமலை அண்ணன் முந்திரி வறுவல் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு அண்ணாகிராமம் பக்கம். அவர் மேசையில் எந்தக் காலத்திலும் முந்திரி இருக்கும், பலாக்காலத்தில் அலுவலகமே மணக்கும். இணையத்தில் நான் படித்த போலிக் கணக்குகள் பற்றிய வகுப்பை அவருக்கு எடுத்தேன். சொந்த முகம் இருக்காது. சொந்தமாக எதுவும் எழுதாது. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். ஒரே நேரத்தில் வரும். எல்லாமே பொருந்துகிறது என்றேன்.

“எங்க சின்ன மாமா முருகர் படந்தான் வச்சிருக்காரு” என்றார் அவர். “சொந்தமா ஒரு வரி எழுதுனதில்ல. தெனம் காலையில அஞ்சு மணிக்கு குட்மார்னிங் அனுப்புவாரு. அவரும் அந்நிய சக்தியா?”

அவர் வெளிநாட்டில் இருக்கிறாரா என்று கேட்டேன்.

“பண்ருட்டியத் தாண்டுனதில்ல.”

அப்படியானால் சேராது என்று தீர்ப்புச் சொன்னேன். ஏழுமலை அண்ணன் ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு, மாமா தப்பிச்சாரு என்றார். அன்றிலிருந்து என்னை ‘உளவுத்துறை மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

எம்.பி.க்கு மட்டும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன்னுடைய நிழற்குடையை ஒருவர் எதிர்க்கிறார் என்பது அவருக்கு அதுவரை விளங்காத புதிராக இருந்தது. நான் கொண்டுபோன விளக்கம் அந்தப் புதிரைப் பத்தே நிமிடத்தில் தீர்த்துவைத்தது. எதிர்ப்பது மக்கள் இல்லை, எவனோ. இதை நன்றாக மனதில் வையுங்கள்: நீங்கள் கொண்டுபோகும் செய்தியைக் கேட்டு மேலிடத்து முகம் நிம்மதியாக மலர்ந்தால், செய்தியை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். நான் சரிபார்க்கவில்லை. குறிப்பு எழுதினேன். தலைப்பு ‘கண்ணுக்குத் தெரியாத கை’. பின்னிணைப்பாகக் கருத்து எழுதிய கணக்குகளின் பெயர்களையும் அவர்கள் வசிக்கும் நாடுகளையும் சேர்த்தேன். தலைப்பை உரக்கச் சொல்லிப் பார்த்தவாறே எம்.பி. டெல்லிக்கு விமானம் ஏறினார்.

குழு கூடும் நாள் காலையில் அவரிடமிருந்து போன். கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. கை வெளிநாட்டுல இருக்குன்னு எழுதியிருக்க, விரல் உள்ளூர்ல இருக்கணுமே, ஒரு பேர் பிடிச்சுக் குடு என்றார். ஏழுமலை அண்ணனும் நானும் அலுவலகக் காரில் லால்பேட்டைக்குக் கிளம்பினோம். சந்தேகம் வராமலிருக்க நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். கல்லூரிக் கணக்கெடுப்பு என்று சொல்லவேண்டும், எம்.பி. பெயரை எடுக்கவே கூடாது என்று வழியெல்லாம் அண்ணனுக்குப் பாடம் நடத்தினேன். அவர் டீக்கடையில் இறங்கியதும், எம்.பி. ஆபீஸ்லேருந்து வர்றோம், ஊரு லால்பேட்டைன்னு போட்டிருக்கற இந்த ரோஜாப்பூ யாருன்னு தெரியுமா என்று போனை நீட்டிவிட்டார்.

டீக்கடைக்காரர் படத்தைப் பார்க்கக்கூட இல்லை, கணக்கின் பெயரைப் பார்த்தார். அது பரீதா டீச்சர், டியூஷன் சத்தம் கேக்குதே அந்த வூடுதான் என்று கையைக் காட்டினார். சர்வதேசச் சதியின் உள்ளூர்த் தலைமையகத்தில் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பரீதாவுக்கு நாற்பதைத் தொடுகிற வயது. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டபடி வெளியே வந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். எம்.பி. அலுவலகம் என்று சொன்னதும் என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நெஜமாவே மனுசங்கதானா நீங்க?”

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னார். போனை எடுத்துக் காட்டினார். நிழற்குடை எதற்கு ஊர்ப் பக்கம் வருகிறது என்று அவர் எங்கள் பக்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறார். சிதம்பரம் போகும் பஸ் ஏரிப் பக்கம்தான் நிற்கும். காலையில் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும். நிழற்குடை எதிர்ப் பக்கத்தில் இருந்தால் நிழலில் உட்கார்ந்துகொண்டு பஸ் போவதைப் பார்க்கலாம், ஏற முடியாது. இதைத்தான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் எங்கள் பக்கத்திலிருந்து, காலை பத்து மணிக்கு, ஒரே பதில்: ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது.’

அந்த வாக்கியத்தை நான் நாடாளுமன்றத்திலிருந்துதான் எடுத்திருந்தேன். பதில் தெரியாத கேள்விக்கும் பதில் சொல்லப் பிடிக்காத கேள்விக்கும் அமைச்சகங்கள் சொல்லும் வாக்கியம் அது. கம்பீரமாக இருந்ததால் தானியங்கியில் ஏற்றிவைத்திருந்தேன்.

“ஒங்க பக்கத்துல மூஞ்சி இல்ல, ஏதோ சூரியன் படம் இருக்கு” என்றார் பரீதா. “சொந்தமா ஒரு வார்த்த இல்ல. தெனம் ஒரே டயத்துக்கு ஒரே பதிலு. இது எம்.பி. இல்ல, எங்கியோ வெளிநாட்டுக் கம்பெனி மிஷின வச்சு நடத்துதுன்னு எங்க வூட்டுக்காரர் சொல்லிட்டாரு. மிஷினா இருந்தா ஜாஸ்தி பேரு கேட்டாத்தான் திணறும்னு, ஜும்மா முடிஞ்சதும் எல்லாரும் போடுங்கன்னு தெரு குரூப்புல சொன்னாரு. தப்புத் தப்பா எழுதி மானத்த வாங்கக் கூடாதுன்னு ஒருத்தரு எழுதினத எல்லாரும் அப்படியே போட்டாங்க.”

ஏழுமலை அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

நான் படித்த நான்கு அடையாளங்களையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நான்கும் எங்கள் பக்கத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தின. லால்பேட்டைக்காரர்களுக்காவது ரோஜாப்பூவிலும் பிறையிலும் வித்தியாசம் இருந்தது. அவர்களும் நாங்களும் ஒரே பாடத்தைப் படித்து ஒருவரையொருவர் பிடித்திருந்தோம். அவர்கள் சரியான ஆளைப் பிடித்திருந்தார்கள்.

அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு பரீதா, நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க என்று சாதாரணமாகக் கேட்டார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெல்லியில் ஒரு குழு, ஒரு குறிப்பு, பின்னால் பெயர்கள் என்று சொல்லிமுடித்தேன். உள்ளே வாய்ப்பாடு நின்றுபோயிருந்தது.

“எங்க வூட்டுக்காரர் ஜமால் பேரும் இருக்கா?”

இருந்தது. ஜமால், குவைத். வரிசையில் முதலாவதாகவே இருந்தது.

“அவரு பாஸ்போர்ட்ட ரினியூவலுக்குக் குடுத்திருக்காரு” என்றார். குரல் உயரவில்லை. “அது வந்தாத்தான் லீவுல வர முடியும். ரெண்டு வருசமா வரல.”

குழுவுக்குக் கொடுக்கும் ஒரு தாள் அங்கிருந்து எந்த அமைச்சகத்துக்குப் போகும், அங்கே யார் எந்தப் பெயருக்குக் கீழே கோடு போடுவார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் பயமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து தலையிடுகிறவர்கள் என்ற தலைப்பின் கீழே, பஸ் நிறுத்தத்தில் தங்கள் பிள்ளைகளுக்கு நிழல் கேட்ட மனிதர்களை நான் அச்சடித்து அனுப்பியிருந்தேன். சுவரொட்டி எழுத்தில்.

வெளியே வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. குழு அறைக்குள் போனால் எம்.பி. போனை அணைத்துவிடுவார். ஏழுமலை அண்ணன் அடித்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாக எம்.பி. எடுத்தார், காரில் இருந்தார், உற்சாகமாக இருந்தார். விரல் கிடைத்ததா என்றார்.

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். இது அப்பாவி மக்கள், இது அநியாயம் என்றுதான் முதலில் சொன்னேன். அதெல்லாம் குழு பாத்துக்கும்மா, தலைப்பு ஜோரா இருக்கு என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை. கைக்கு வந்த ஒரே உதாரணத்தை விட மனமில்லாமல் இருந்தார். அவசர நேரத்தில் ஒருவருடைய நல்ல மனதைத் தேடிக்கொண்டிருந்தால் கார் நாடாளுமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவருக்கு எது உறைக்குமோ அதைச் சொல்ல வேண்டும்.

“சார், குழுவுல யாராவது இதே அளவுகோல நம்ம பக்கத்துக்கு வச்சுப் பாத்தா, மொத போலிக் கணக்கு நம்மளுதுதான் சார்.”

போனில் கார்க் கண்ணாடியை ஏற்றும் சத்தம் கேட்டது.

“நாலும் பொருந்துதா?” என்றார் குரலைத் தாழ்த்தி. பொருந்துகிறது என்றேன். “சூரியன் படம் வேணாம்னு அப்பவே சொன்னேன்” என்றார். அவர் சொல்லவில்லை. நான் மறுக்கவில்லை.

பின்னிணைப்பைக் குறிப்பிலிருந்து பிரித்துத் தன் சட்டைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டதாகச் சொன்னார். சத்தம் கேட்கட்டும், மடியுங்கள் சார் என்றேன். மடித்தார். பிறகு பாவமாக, அப்ப நான் இன்னிக்கு என்னம்மா பேசுறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசுங்கள், ஒரு பொதுப்பணி பற்றி மக்கள் கேட்ட கேள்விக்கு ஓர் அலுவலகம் பதில் சொல்லாததால் எப்படி அயல்நாட்டுச் சதி வரை சந்தேகம் வளர்ந்தது என்று நம்முடைய கதையையே சொல்லுங்கள் என்றேன். அதைச் சொல்வதற்கு ஒன்று தெரிய வேண்டும்: உண்மையில் நிழற்குடை எதற்கு ஊர்ப் பக்கம் வந்தது?

இங்க சிக்னல் சரியா இல்லம்மா என்றார் எம்.பி.

ஏழுமலை அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார். “அண்ணே, சொல்லிரலாம்ணே” என்றார்.

சொன்னது அண்ணன்தான். முந்தின வருடம் வேறோர் ஊரில், ஏரிக்கரையில் ஒரு குடிநீர்த் தொட்டித் திறப்பு விழா. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை எடுத்த நேரத்தில் ஏரிக் காற்று ஒரு வீசு வீசியது. எம்.பி.யின் இரண்டு கையும் வேலையாக இருந்தன. வேட்டிக்கு வேறு பாதுகாப்பு இல்லை. போட்டோகிராபர் தன் கடமையைச் செய்தார். அந்தப் படம் எந்தெந்தக் குரூப்புகளில் போனது என்று சொல்லும்போது அண்ணனின் குரலே தழுதழுத்தது. அதற்குப் பிறகு ஏரியைப் பார்த்த பக்கம் எந்தத் திறப்பு விழாவும் கிடையாது என்பது எம்.பி. அலுவலகத்தின் எழுதப்படாத கொள்கை. நிழற்குடை ஊர்ப் பக்கம் ஒதுங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்ற கம்பீரமான கதவுக்குப் பின்னால் நான் இத்தனை நாள் காவல் காத்தது ஒரு வேட்டியை.

இதற்காக வெளிநாட்டுத் தலையீடு என்பதே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். அது இருக்கிறது. கெட்டிக்காரத்தனமாகவே இருக்கிறது, அதை ஆராய நாடாளுமன்றம் உட்கார்ந்தே ஆக வேண்டும். என் பட்டியலிலேயே இரண்டு கணக்குகள் அசல் போலி என்று பிறகு தெரிந்தது. நிழற்குடையைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டும் கூலிங்கிளாஸ் விற்றன. நான் சொல்வது வரிசையைப் பற்றி. கேட்டவருக்கு முதலில் பதில் சொல்லிப் பாருங்கள். பதிலுக்குப் பிறகும் அதே சத்தம் அதே நேரத்தில் வந்தால் கையைத் தேடுங்கள். பதில் சொல்லாமலே கையைத் தேடினால் நீங்கள் பிடிக்கப்போவது பரீதா டீச்சரை.

அன்று மூன்று மணிக்கு எம்.பி. குழுவில் என்ன பேசினார் என்று கேட்பீர்கள். குழுவின் நடவடிக்கைகள் ரகசியமானவை. அரசின் வெளிப்படைத்தன்மையைப் பற்றி மூடிய கதவுக்குப் பின்னால்தான் பேசுவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். நாங்களும் திரும்பத் திரும்பக் கேட்டோம். தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது என்று எம்.பி.யே எங்களிடம் சொல்லிவிட்டார், முகத்தில் சிரிப்பில்லாமல். ஆனால் கடலூர் வந்ததும் முதல் வேலையாகச் சட்டைப் பையிலிருந்து பின்னிணைப்பை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பு நான்காக இருந்தது, நடுவில் டெல்லிச் சாம்பார்க் கறை. ஏழுமலை அண்ணன் அதைக் கிழித்தார். அவர் கிழித்துமுடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.

நிழற்குடை ஏரிப் பக்கம் வந்தது. திறப்பு விழாவுக்கு எம்.பி., ஒட்டுப்பட்டி வைத்த வேட்டியில் வந்தார், அதன் மேல் ஒரு பெல்ட், அதன் மேல் துண்டு. அண்ணன் கூடுதல் பாதுகாப்புக்காகப் பின்னாலேயே நின்றார். அன்று பார்த்து ஓர் இலைகூட அசையவில்லை. கூட்டத்தில் புதுச் சட்டை போட்ட ஒருவர் என்னைத் தேடி வந்தார். பாஸ்போர்ட் வந்து, லீவும் கிடைத்து, வந்து நான்கு நாள் ஆகியிருந்தது அவருக்கு. பரீதா அறிமுகப்படுத்தினார்.

“இதாங்க, அந்த மிஷினு.”

ஜமால் என்னிடம் சலாம் சொல்லிவிட்டு, மெஷினு நல்லா இருக்கீங்களா என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

இப்போது பக்கத்தில் சூரியன் இல்லை. தானியங்கியை எடுத்துவிட்டேன். பதில் எழுதுகிறவரின் பெயரும் முகமும் பதிலின் கீழே இருக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. இனி அங்கே உங்கள் முகம் இருக்கும், நல்ல போட்டோ ஒன்று எடுத்துவையுங்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது. பரீதா அதை இன்னும் விடவில்லை, மாதம் தவறாமல் போடுகிறார்: ‘முதலில் எதற்கு ஊர்ப் பக்கம் முடிவு செய்தீர்கள்?’ அவருக்குக் காரணம் தெரியாது. ஏழுமலை அண்ணனும் நானும் வாயைத் திறக்கவில்லை. அது எம்.பி. தானே சொல்லவேண்டிய பதில்.

பதிலை ஒரே சொல்லில் எழுதிவைத்திருக்கிறேன்: ‘காற்று.’ எம்.பி.யிடம் இருமுறை நீட்டினேன். முதல் முறை கண்ணாடி இல்லை என்றார். அடுத்த முறை சுவரொட்டி எழுத்தில் கொண்டுபோனேன், யோசிக்கிறேன் என்றார். திங்கள்கிழமை அவர் திருப்பாதிரிப்புலியூர் வருகிறார். அன்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, கையில் அவருடைய மூக்குக்கண்ணாடியோடு போய் நிற்கப்போகிறேன்.